அக்குபங்சருக்கு முதல் தடவை வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஒரு அக்குபங்சர் (மெல்லிய ஊசி குத்திச் செய்யும் சீன வைத்தியம்) கிளினிக்கில் 11 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். போன் எடுப்பது, நம்பர் கொடுப்பது, ஊசி எடுத்த இடத்தைத் துடைத்துவிடுவது, தமிழ் நோயாளிகள் சொல்வதை டொக்டருக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொல்வது எல்லாம் என் வேலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று எங்கிருந்து பேசினாலும் புதிதாக வருகிறவர்கள் கேட்பவை அநேகமாக ஒரே கேள்விகள்தான். வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது போனில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. மருத்துவம் சம்பந்தப்பட்டவற்றை டொக்டரிடம் கேட்டும் படித்தும் சரிபார்த்த பிறகே எழுதியிருக்கிறேன்.

ஊசி குத்தினால் நோகுமா?

பத்துப் பேர் போன் பண்ணினால் எட்டுப் பேரின் முதல் கேள்வி இதுதான். இரத்தம் எடுக்கும் ஊசியை மனதில் வைத்துக்கொண்டுதான் பயப்படுகிறீர்கள். அது ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றர் தடிப்பு, உள்ளே குழாய் போல் ஓட்டை. அக்குபங்சர் ஊசி பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர்தான். ஓட்டை கிடையாது, முழுக்கம்பி. நுனியும் வேறு மாதிரி. தோலை வெட்டிக்கொண்டு போகாமல், சதையை விலக்கிக்கொண்டு இறங்கும்.

குத்தும் நேரத்தில் நுளம்பு கடித்தது போல் ஒரு சுருக் இருக்கும். விரல் நுனி, உள்ளங்கால் போன்ற இடங்களில் கொஞ்சம் கூடுதலாகவே நோகும், அதை மறைக்க மாட்டேன். உள்ளே போன பிறகு வருவது வேறு விதமான உணர்வு: உளைவு, பாரம், விறைப்பு, சில நேரம் எறும்பு ஓடுவது போல். சீனர்கள் இதைத் 'தே சீ' என்கிறார்கள். 'சீ' என்ற உயிர்ச்சக்தி வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். டொக்டர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பது இதைத் தெரிந்துகொள்ளத்தான். வெட்டுவது போலவோ கரண்ட் அடித்தது போலவோ நோவு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். உடனே சொன்னால் ஊசியைக் கொஞ்சம் இழுத்து மாற்றிவிடுவார்.

ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்களா?

இல்லை. வெறும் ஊசிதான்.

அதே ஊசியை மற்றவர்களுக்கும் பாவிப்பார்களா?

பாவிக்கக் கூடாது. ஊசிகள் கிருமி நீக்கப்பட்டு, மூடிய பக்கெற்றில் வரும். உங்கள் கண் முன்னாலேயே பக்கெற்றைக் கிழிக்க வேண்டும், முடிந்ததும் கூர்க்கழிவுப் பெட்டியில் போட வேண்டும். பக்கெற்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதை எந்த நல்ல இடத்திலும் அவமரியாதையாக எடுக்க மாட்டார்கள். "உங்களுக்கென்று தனியாக ஒரு செட் எடுத்து வைத்து ஒவ்வொரு தடவையும் அதையே குத்துவோம்" என்று எங்காவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெப்பட்டைட்டிஸ் பி, சி இரண்டும் ஊசி வழியாகத் தொற்றுபவை.

இன்னொரு சின்ன விஷயம். எத்தனை ஊசி குத்தினார்கள் என்று நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள். நாங்கள் குத்தும்போதும் எண்ணுவோம், எடுக்கும்போதும் எண்ணுவோம். தலைமயிருக்குள் குத்திய ஊசி ஒன்று மறந்துபோய் அப்படியே வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. நோயாளியும் எண்ணினால் அந்தத் தவறு நடக்காது.

முதல் நாள் என்ன நடக்கும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஒரு மணித்தியாலம், சில நேரம் அதற்கும் மேல். அதில் பாதி கேள்விகளிலேயே போய்விடும்.

நாரி நோவு என்று வந்தவரிடம் நித்திரை எப்படி, வயிறு போகிறதா, வேர்வை அதிகமா, மாதவிடாய் ஒழுங்கா என்றெல்லாம் கேட்டால் "இது எதற்கு?" என்று தோன்றும். சீன வைத்தியத்தில் நோய் ஒரு இடத்தில் தெரிந்தாலும் காரணம் வேறெங்கோ இருக்கலாம் என்பது அடிப்படை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கேள்விகள் பிரயோசனமானவை. நாரி நோவோடு சிறுநீர் போவதில் சிக்கல், தொடை இடுக்கில் விறைப்பு, காரணமில்லாத மெலிவு ஏதாவது இருந்தால் டொக்டர் ஊசியைத் தொடவே மாட்டார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் நிபுணருக்கும் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பப்பட்ட ஒருவருக்கு முள்ளந்தண்டில் கட்டி இருந்ததைக் கண்ட பிறகு, அதிகம் கேட்கிற டொக்டர்தான் நல்லவர் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

பிறகு நாக்கை நீட்டச் சொல்வார். நிறம், படிவு, ஓரத்தில் பல் பதிந்த தடம் எல்லாம் பார்ப்பார்கள். அன்று காலை நாக்கு வழிக்காமல் வாருங்கள். பீட்ரூட்டும் வெற்றிலையும் வேண்டாம். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். சித்த வைத்தியரிடம் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது. ஆனால் அங்கே மூன்று விரலுக்கும் வாதம், பித்தம், கபம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்று பார்ப்பது வழக்கம். சீன முறையில் இரண்டு கையையும் பார்த்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு உறுப்பைச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் முடிந்து படுக்க வைத்து, பெரும்பாலும் எட்டு முதல் பதினைந்து ஊசி. நாரி நோவுக்குக் காலிலும், தலையிடிக்குக் கையிலும் குத்துவதைக் கண்டு ஆச்சரியப்பட வேண்டாம். குத்திவிட்டு 20 முதல் 30 நிமிடம் அப்படியே விட்டுவிடுவார்கள். பலர் அந்த நேரத்தில் குறட்டை விட்டுத் தூங்கிவிடுவார்கள். காலி வீதியின் ஹோர்ன் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்குவார்கள் என்றால் பாருங்கள்.

சாப்பிட்டுவிட்டு வரலாமா?

சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இரத்தப் பரிசோதனை போல் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் முன்னால் அளவாகச் சாப்பிட்டிருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கந்தசஷ்டி நேரம். ஒரு ஐயா கழுத்து நோவுக்கு வந்தார், நாற்பது வயதிருக்கும். விரதம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது ஊசியிலேயே முகம் வெளிறி, கை குளிர்ந்து, வேர்த்து ஊற்றி மயங்கிவிட்டார். டொக்டர் ஊசிகளை உடனே எடுத்துவிட்டுக் காலை உயர்த்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, சீனி போட்ட பிளேன்ரீ குடித்துவிட்டு நடந்தே போனார். ஆபத்தொன்றும் இல்லைதான். ஆனாலும் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அன்றிலிருந்து நம்பர் கொடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன்.

அதனால் கந்தசஷ்டி, கௌரி விரதம், நவராத்திரி, நோன்பு மாதம் எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். நோன்பு பிடிக்கிறவர்கள் நோன்பு திறந்த பிறகு மாலை நேரம் கேட்டு வாங்கலாம். அவசரமில்லாத வருத்தம் என்றால் விரதம் முடிந்து வரலாம். முதல் தடவை வருகிறவர்களைப் படுக்க வைத்தே ஊசி குத்த வேண்டும் என்பதும் இதற்காகத்தான். கதிரையில் இருப்பவருக்கு மயக்கம் வர வாய்ப்பு அதிகம்.

என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு வருவது?

முழங்காலுக்கும் முழங்கைக்கும் மேலே சுருட்டக்கூடிய தளர்வான உடுப்பு. இறுக்கமான டெனிம் வேண்டாம். சேலையோடு வரலாம், ஆனால் நாரிக்கு ஊசி என்றால் சுரிதார் சுகம். நல்லெண்ணெய், பாம் எதுவும் பூசிக்கொண்டு வராதீர்கள். துடைத்தாலும் வழுக்கும். ஊசியில் லேசாக மின்சாரம் கொடுப்பதாக இருந்தால் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) காப்பு, கொலுசு, மெட்டி கழற்ற வேண்டி வரலாம். தாலியைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். ஹிஜாப் அணிகிறவர்கள் தலைப்புள்ளிகள் வேண்டாம் என்றால் கை, கால் புள்ளிகளை வைத்தே செய்யலாம். பெண்கள் துணைக்கு ஒருவரை உள்ளே வைத்திருக்க விரும்பினால் அது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. என் வருத்தத்தை எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி என் மனதுக்கு நெருக்கமானது. நம்மவர்கள் நோவை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள்! குத்து, உளைவு, எரிவு, இழுப்பு, விறைப்பு, கடுப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தகவல். எரிவும் விறைப்பும் நரம்பைக் காட்டலாம். உளைவும் இறுக்கமும் தசையாக இருக்கலாம். ஆனால் மொழி தெரியாத இடத்தில் அத்தனையும் "பெயின், டொக்டர், பெயின்" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடுகிறது. வத்தளையிலிருந்து வந்த ஒரு அம்மா மூன்று இடங்களில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். தமிழில் கேட்டபோதுதான் "பாதம் பஞ்சில மிதிக்கிற மாதிரி" என்றார். சீனி வருத்தத்தால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் சொல்வது அது. அன்று ஊசிக்கு முதல் இரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்பினோம்.

சில சொற்களைக் கையில் வைத்திருங்கள். நோகிறது என்பதற்கு 'ரிதெனவா'. விறைக்கிறது என்றால் 'ஹிரி வெட்டெனவா'. எரிவுக்குத் 'தெவில்ல'. தலை சுற்றினால் 'ஒலுவ கெரகெனவா'. கடைசிச் சொல்லைக் கட்டாயம் பாடமாக்குங்கள், ஊசி இருக்கும்போது தேவைப்படலாம். முடிந்தால் நோவு எப்போது தொடங்கியது, எந்த நேரம் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது என்பதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வாசித்து மொழிபெயர்க்க எங்களைப் போல் ஒருவர் அநேகமாக இருப்பார். நம்பர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிவர வேண்டாம். தாயின் மாதவிடாய்ப் பிரச்சினையைப் பன்னிரண்டு வயது மகன் சொல்ல முடியாது.

இலங்கைக்கு இது புதிதா?

இல்லை. 1970களிலேயே களுபோவில அரச ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்டன் ஜயசூரிய அக்குபங்சர் செய்தும் கற்பித்தும் வந்தார். அங்கே படிக்க வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பழைய கொழும்புக்காரர் பலருக்கு 'களுபோவில ஊசி' ஞாபகம் இருக்கும்.

எந்த வருத்தங்களுக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறது?

நாட்பட்ட நோவுக்குத்தான் ஆதாரம் அதிகம்: நாரி, கழுத்து, தோள், முழங்கால் தேய்வு, அடிக்கடி வரும் தலையிடி, மைக்ரேன். ஏறக்குறைய 21,000 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்து 2018 இல் வெளியான ஒரு ஆய்வு, இந்த வகை நோவுகளில் அக்குபங்சர் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடத் தெளிவாகவே நல்லது என்கிறது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறிது, ஆனால் இருக்கிறது.

போலி ஊசி என்றால் சரியான புள்ளியை விட்டு வேறிடத்தில் மேலோட்டமாகக் குத்துவது. ஜெர்மனியில் 1,162 நாரி நோயாளிகளை வைத்து 2007 இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தின் பின் உண்மையான ஊசியில் 47.6 வீதம் பேருக்குச் சுகம், போலி ஊசியில் 44.2 வீதம், வழக்கமான வைத்தியத்தில் 27.4 வீதம். இரண்டு விதமான ஊசியும் வழக்கமான வைத்தியத்தை முந்தியிருக்கின்றன. ஆனால் புள்ளி எது என்பது நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லையோ என்ற கேள்வியும் எழுகிறது. அதனால்தான் நாடுகளின் வழிகாட்டல்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016 இல் நாரி நோவுக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021 இல் காரணம் பிடிபடாத நாட்பட்ட நோவுக்குப் பரிசீலிக்கலாம் என்றது. அமெரிக்க வைத்தியர் கல்லூரி என்ற டொக்டர்கள் சங்கம் 2017 இல் நாரிக்கே பரிந்துரைத்தது.

ஒபரேஷனுக்குப் பின் வரும் ஓங்காளம், சத்திக்கும் நல்ல ஆதாரம் உண்டு. அதற்குக் குத்துவது, உள்ளங்கைப் பக்கத்தில் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரலகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் உள்ள புள்ளியில். பஸ்ஸில் சத்தி வருகிறவர்கள் நீங்களே அமத்திப் பார்க்கலாம், செலவில்லை. மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் அங்குள்ள டொக்டரிடம் கேட்ட பிறகே ஊசிக்கு வாருங்கள். வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் காலத்தில் சின்னக் குத்தும் தொற்றாகலாம்.

சிகரெட்டை நிறுத்த, உடம்பு மெலிய, தலைமயிர் வளர என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் நம்பிக்கை கொடுப்பதில்லை.

அது எப்படி வேலை செய்கிறது?

பழைய சீன விளக்கம் உடம்பில் சக்தி ஓடும் பாதைகளைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனம் ஒழுங்குபடுத்திய பட்டியலில் 361 புள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பாதைகளை உடலை வெட்டிப் பார்த்து யாரும் காணவில்லை. இன்றைய விஞ்ஞானம் நரம்பைப் பேசுகிறது: ஊசி நரம்பைத் தூண்ட, மூளை எண்டோர்பின் போன்ற, நோவை அடக்கும் பொருட்களைச் சுரக்கிறது. அவற்றைத் தடுக்கும் நலொக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசியின் பலன் குறைவதை 1970களிலேயே கண்டார்கள். கொஞ்ச நேரம் ஒருவர் பொறுமையாக உங்கள் வருத்தத்தைக் கேட்டு, உங்களைக் கிடத்தி ஓய்வு தருவதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

அக்குபங்சர் தொடங்கினால் குளிசைகளை நிறுத்திவிடலாமா?

கூடாது. கூடவே கூடாது.

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருகிறது. தமிழில் பரவும் காணொளிகள் சிலவற்றில், ஒரு புள்ளியைத் தொட்டாலே போதும், ஆங்கில மருந்து எல்லாம் நஞ்சு, இன்சுலினைத் தூக்கி எறியுங்கள் என்கிறார்கள். நம் மொழியில், நம் சாப்பாட்டை, நம் பாட்டி வைத்தியத்தை உதாரணம் காட்டி இதமாகப் பேசுகிறார்கள். அதனால்தான் நம்பிவிடுகிறோம். அப்படிப் பார்த்துவிட்டு பிரஷர் குளிசையை இரண்டு கிழமை நிறுத்தியிருந்த ஒரு அம்மாவுக்கு எங்கள் வாசலில் வைத்து அளந்தபோது 210 காட்டியது. ஊசியைத் தொடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். நல்ல காலம், தப்பினார்.

இன்சுலின், பிரஷர் மருந்து, தைரொய்ட் குளிசை, வலிப்பு மருந்து, ஆஸ்துமா பம்ப், இதய மருந்து எதையும் அக்குபங்சர் ஈடு செய்யாது. நோவு குறைந்தால் நோவுக் குளிசையை மெல்லக் குறைக்கலாம், அதுவும் எழுதிக் கொடுத்த டொக்டரிடம் கேட்டு. ஊசி குத்துகிறவரே "மருந்தை நிறுத்தினால்தான் என் வைத்தியம் வேலை செய்யும்" என்று சொன்னால், அந்த இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள். குடிக்கும் குளிசைகளின் மட்டைகளையும் கிளினிக் கொப்பியையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பார்த்துக்கொள்வோம்.

எவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்?

வோபரின் போல இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பதை. அப்படியானவர்களுக்கு மெல்லிய ஊசி, ஆழமில்லாமல், எடுத்த பிறகு கூடுதல் நேரம் அமத்திப் பிடிப்போம். பேஸ்மேக்கர் இருப்பதை, ஏனென்றால் மின்சாரம் கொடுக்கக் கூடாது. இதய வால்வு மாற்றியிருப்பதை. மார்பகச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கை வீங்கியிருந்தால் அதை. சீனி வருத்தத்தால் பாதம் உணர்விழந்திருந்தால் அதையும். உணர்வில்லாத காலுக்குச் சூட்டு விளக்கு வைத்தால் பொசுங்குவதே தெரியாது.

கர்ப்பம் என்றால், சந்தேகம் மட்டும் இருந்தாலும் சொல்லுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள புள்ளி, உட்கணுக்காலுக்கு மேலுள்ள புள்ளி போன்ற சிலவற்றைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பது மரபு. மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று வாய் திறக்கத் தயங்கினால், நம்பர் எடுக்கும்போது என்னைப் போல ஒருவரிடம் காதோடு சொன்னாலும் போதும்.

காய்ச்சலும் உடம்புளைவும். ஊசி போட வரலாமா?

வராதீர்கள். கொழும்பில் மழை பெய்து ஓய்ந்த மாதங்களில் காய்ச்சலோடு உடம்புளைவு என்றால் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும். டெங்குவில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்து இரத்தக்கசிவு வரலாம், அந்த நேரத்தில் ஊசி ஆகாது. பனடோலைத் தவிர வேறு நோவுக் குளிசை குடிக்காமல், டொக்டரிடம் போய் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டு நன்றாகத் தெளிந்த பிறகு இங்கே வரலாம்.

பாரிசவாதத்துக்கும் முகவாதத்துக்கும்?

திடீரென்று முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். அந்த நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்தால் அவகாசம் வீணாகிவிடும். உயிர் ஆபத்து நீங்கி, பிசியோதெரபி தொடங்கிய பிறகு, அதற்குத் துணையாக அக்குபங்சர் செய்கிறவர்கள் உண்டு.

ஒரு பக்க முகம் மட்டும் செயலிழக்கும் பெல்ஸ் வாதத்துக்கும் முதலில் டொக்டர்தான். ஸ்டீரொய்ட் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

பிள்ளை இல்லை. ஐ.வி.எப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) செய்கிறோம். ஊசி உதவுமா?

இதைக் கேட்கிறவர்களின் குரலே தாழ்ந்திருக்கும். ஊரார் வாய்க்கும் உறவினர் வாய்க்கும் பதில் சொல்லிக் களைத்தவர்கள். உங்களுக்கு உண்மையைச் சொல்வதுதான் மரியாதை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐ.வி.எப். செய்த 848 பெண்களை வைத்து 2018 இல் ஒரு ஆய்வு வெளியானது. குழந்தை பிறந்தது உண்மையான ஊசியில் 18.3 வீதம், போலி ஊசியில் 17.8 வீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். மனப்பதற்றம் குறைய, நித்திரை வர வருகிறேன் என்றால் வாருங்கள். ஐ.வி.எப். இற்குச் சேர்த்த காசை இதில் கரைக்காதீர்கள்.

எத்தனை தடவை வர வேண்டும்? செலவு?

நாட்பட்ட நோவுக்குக் கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டாக ஆறு முதல் பத்துத் தடவை. முதல் நாளிலேயே இறக்கை முளைத்தது போல் போகிறவர்களும் உண்டு, மூன்றாம் நாள்தான் மாற்றம் தெரிகிறவர்களும் உண்டு. முதல் தடவைக்குப் பிறகு ஒரு நாள் நோவு கூடிவிட்டுக் குறைவதும் நடக்கும். ஐந்து, ஆறு தடவைக்குப் பிறகும் கொஞ்சம்கூட அசைவில்லை என்றால் நிறுத்துவது பற்றி டொக்டரோடு பேசுங்கள். இருபது தடவைக்கு முற்பணம் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள். மின்சாரத்துக்கும் கப்பிங்குக்கும் தனிக் காசா என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

கரண்ட், புகை, கோப்பை என்கிறார்களே?

கரண்ட் என்றால் பற்றரியில் இயங்கும் சின்னப் பெட்டி. ஊசிகளில் கிளிப் மாட்டினால் தசை லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். புகை என்பது மொக்சா. மாசிபத்திரி இனச் செடியின் காய்ந்த இலையைச் சுருட்டிக் கொளுத்தித் தோலுக்குக் கிட்டப் பிடிப்பது. ஆஸ்துமா உள்ளவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். கோப்பை என்பது கப்பிங். வட்ட வட்டமாகக் கண்டல் தெரியும், சில நாட்களில் மறையும், கலியாண வீடு இருந்தால் முன்பே சொல்லுங்கள். முஸ்லிம் நண்பர்கள் செய்யும் ஹிஜாமாவில் தோலைக் கீறி இரத்தம் எடுப்பார்கள். இங்கே செய்யும் கப்பிங் உலர் முறை, கீறுவதில்லை.

பின்விளைவு ஏதும் வருமா?

ஜெர்மனியில் 2,29,000 இற்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து 2009 இல் வெளியான ஆய்வில் 100 பேருக்கு எட்டு, ஒன்பது பேர் ஏதோ ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். பெரும்பாலானது சின்ன இரத்தக்கசிவு, கண்டல். நுரையீரலில் ஊசி பட்டுக் காற்றுக் கசிந்தது இரண்டு பேருக்கு. மிக அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். தோளிலோ நெஞ்சிலோ முதுகின் மேற்பகுதியிலோ ஊசி போட்ட பிறகு மூச்சு முட்டினாலோ நெஞ்சு குத்தினாலோ, அடுத்த நாளானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஊசி போட்ட விஷயத்தைச் சொல்லுங்கள்.

மற்றபடி நித்திரை மயக்கம் வரும். முதல் நாள் மோட்டார் சைக்கிளில் வராதீர்கள், ஓட்டோவிலோ பஸ்ஸிலோ போங்கள். குளிக்கலாமா என்றால் கொஞ்ச நேரம் கழித்துக் குளிக்கலாம்.

நம்பகமான ஆள் என்று எப்படி அறிவது?

இங்கே அக்குபங்சர் செய்கிறவர்களில் எம்.பி.பி.எஸ். டொக்டர்களும் இருக்கிறார்கள், ஆயுர்வேத, சித்த வைத்தியர்களும் இருக்கிறார்கள், சில மாதப் பயிற்சியோடு போர்டு போட்டவர்களும் இருக்கிறார்கள். சுவரில் தொங்கும் சான்றிதழின் தங்க முத்திரையைப் பார்க்காதீர்கள். இலங்கை மருத்துவ சபையிலோ ஆயுர்வேத மருத்துவ சபையிலோ பதிவு இருக்கிறதா, இலக்கம் என்ன என்று கேளுங்கள். அக்குபங்சரை எங்கே, எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் கேளுங்கள். பதிவுள்ளவர் இலக்கத்தை உடனே சொல்லிவிடுவார்.

போயா நாளில் திறந்திருக்குமா?

பெரும்பாலான இடங்கள் பூட்டுதான். ஆடிவேல் தேர் வரும் நாட்களில் காலி வீதியில் நெரிசல் கடுமையாக இருக்கும், அந்த நாளுக்கு நம்பர் இருந்தால் முதல் நாளே போன் பண்ணி மாற்றிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணியிலிருந்து எடுக்கலாம்.